விலை ஏறும்போது தட்டில் குறைவது

மளிகைப் பொருள்களின் விலை ஏறும்போது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டினி கிடப்பதில்லை. அவற்றின் உணவு மெலிந்துபோகிறது என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட கருத்து. சோற்றின் அளவு குறையாமல் இருக்கையில், சோற்றோடு சேரும் பருப்பு, காய், கீரை, முட்டை, பால், மீன் ஆகியவை ஒவ்வொன்றாகப் பின்வாங்குகின்றன. சாம்பார் ரசத்தின் பதத்துக்கு நீர்க்கிறது, பொரியல் இருந்த இடத்தில் ஊறுகாய் வந்து உட்காருகிறது, வாரம் இருமுறை வாங்கிய முட்டை மாதம் இருமுறையாகிறது. வயிறு நிறைந்துவிடுவதால் இந்த இழப்பு உண்பவருக்கே எளிதில் புலப்படுவதில்லை. அது சில ஆண்டுகள் கழித்துக் குழந்தையின் உயரத்திலும் தாயின் இரத்தத்திலும்தான் தெரியவருகிறது. குறைந்த செலவில் குடும்பத்துக்கு உணவளிப்பது பற்றிப் பேசுவோர் பலர் சிக்கனக் குறிப்புகளில் தொடங்கி அவற்றோடே முடித்துவிடுகின்றனர். எதை மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்பதற்கு முன், எதை எந்த நெருக்கடியிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது தெளிவாக வேண்டும். அந்த வரிசை தலைகீழாகும்போது சிக்கனமே நோய்க்கு வழியாகிவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் அறிவியல் முறையில் விடை தேடிய முயற்சி தமிழ் நிலத்திலேயே, நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் தொடங்கியது. 1918ஆம் ஆண்டு அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய்க்கான ஆய்வுப் பிரிவை அமைத்தார். பெரிபெரி என்பது தயமின் எனப்படும் பி1 வைட்டமின் போதாமையால் நரம்புகளும் இதயமும் நலிவுறும் நோய். தவிடு முழுதும் நீங்கத் தீட்டிய பச்சரிசியையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்தவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது. அந்தச் சிறிய பிரிவு பிறகு உணவூட்ட ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டபோது, முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவு முதலிடத்திலும், சென்னை மாகாணத்து ஏழைகளின் அரிசி உணவு கடைசி இடங்களிலும் நின்றன. இதனால் அரிசியைப் பழிக்க வேண்டியதில்லை. தீட்டிய அரிசியைத் தவிர வேறு எதுவும் போதிய அளவில் இல்லாத தட்டுதான் அங்கே தோற்றது.

1935இல் அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற வாலஸ் அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து மதிப்பையும் போதுமான உணவைத் திட்டமிடும் முறையையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அரசின் சுகாதார வெளியீடுகளில் 23ஆம் எண்ணைக் கொண்ட அந்தச் சிறுநூலில், ஒவ்வொரு தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, எவ்வளவு இரும்பு என்று அட்டவணைகள் இருந்தன. பின்னாளில் சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் முதலானோர் அதனைத் திருத்தியும் விரித்தும் பதிப்பித்தனர். ஒரு பொருளின் விலையையும் அதன் சத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தது என்ற அளவில், இன்றைய குடும்பத் தலைவிக்கும் அந்த அட்டவணைகளே நம்பத்தக்க துணை. அக்காலத்து ஆய்வுகள் உணர்த்திய மற்றொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது: ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி உண்டோரைப் பெரிபெரி தாக்கியபோது, புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். நியாயவிலைக் கடையின் புழுங்கலரிசியைத் தரம் தாழ்ந்ததாக எண்ணி, கடன் வாங்கியாவது வெள்ளை வெளேரென்ற கடை அரிசியை வாங்கும் குடும்பங்கள், சத்தைக் கொடுத்து நிறத்தை வாங்குகின்றன.

அன்றைய குன்னூர் ஆய்வுகளுக்கும் இன்றைய நிலைக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. வருமான எல்லை வைத்துப் பிரிக்காமல் விரும்புவோர் அனைவருக்கும் அட்டை தருவதால் இது அனைவருக்குமான பொது வினியோகம் எனப்படுகிறது. வாழ்க்கைச் செலவில் தானியத்தின் பங்கு நாடு முழுவதிலுமே சுருங்கியிருக்கிறது. 1999-2000இல் கிராமப்புறக் குடும்பங்களின் மொத்த நுகர்வுச் செலவில் ஏறக்குறைய 22 விழுக்காடு தானியத்துக்குப் போயிற்று. 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி அது சுமார் 5 விழுக்காடுதான். ஆயினும் கிராமங்களில் மொத்தச் செலவில் 47 விழுக்காடும் நகரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடும் இன்னும் உணவுக்கே போகின்றன. குடும்பத்தின் வருமானம் உயர உயர அதில் உணவுக்குச் செலவாகும் பங்கு குறையும் என்பதை 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் எடுத்துக்காட்டினார். அவர் பெயராலேயே அது எங்கெல் விதி எனப்படுகிறது. அந்த விதியின் மறுபக்கம் கடுமையானது. வருமானத்தில் பாதியை உணவுக்குத் தரும் குடும்பத்தை உணவு விலை ஏற்றம் எவ்வளவு தாக்குமோ, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தரும் குடும்பத்தை அதன் பாதியளவுகூடத் தாக்காது.

அரிசியைப் பொது வினியோகம் தாங்கிப் பிடிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் 2022ஆம் ஆண்டு சான்றாக நின்றது. வேதியுரங்களின் இறக்குமதியை 2021இல் திடீரென நிறுத்தியதால் நெல் விளைச்சல் சரிந்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் கோதுமை மாவும் பருப்பும் பால்மாவும் இறக்குமதியாவது தடைப்பட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின் உணவுப் பிரிவு ஓராண்டுக்கு முந்தைய நிலையைவிட 94.9 விழுக்காடு உயர்ந்திருந்தது. கோதுமை மாவு ரொட்டியை அன்றாட உணவாகக் கொண்ட மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் குழம்போடு ரொட்டியும் குறைந்தது. தமிழ்நாட்டில் அந்த நிலை வராமல் தடுப்பது நியாயவிலைக் கடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு தட்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே உண்டு. விலையேற்றத்தின் முழுப் பாரமும் பாதுகாப்பில்லாத மறுபகுதியின் மேல், அதாவது குழம்பின் மேலும் தொடுகறியின் மேலும் இறங்குகிறது.

விலையேற்றம் என்ற சொல்லின் பொருளையும் இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களை ஒரு கூடையாகக் கற்பனை செய்து, அக்கூடையின் விலையைக் கணக்கிடுவதே நுகர்வோர் விலைக் குறியீடு; அது ஓராண்டில் எத்தனை விழுக்காடு மாறியது என்பதே பணவீக்க விகிதம். 2023 ஜூலையில் இந்தியாவின் உணவுப் பணவீக்கம் 11.51 விழுக்காடு, 2024 ஜூலையில் 5.42 விழுக்காடு, 2025 ஜூலையில் அது பூச்சியத்துக்கும் கீழே இறங்கி மைனஸ் 1.76 விழுக்காடாயிற்று. செய்தித்தாளில் பணவீக்கம் குறைந்தது என்று படித்தவர் கடைக்குப் போய் ஏமாற்றமடைவது ஏனென்பதை இந்த மூன்று எண்களைச் சேர்த்துப் பார்த்தால் உணரலாம். 2022 ஜூலையில் 100 ரூபாயாக இருந்த கூடை, ஏறி, மேலும் ஏறி, பிறகு சற்றே இறங்கிய பின்னும் 115 ரூபாய் அளவில்தான் நின்றது. அதே மூன்றாண்டில் கூலி 15 விழுக்காடு உயராத வீட்டில், விகிதம் எவ்வளவு குறைந்தாலும் நெருக்கடி தீர்வதில்லை.

எல்லா விலையேற்றமும் ஒரே தன்மையுடையதும் அன்று. தக்காளியும் வெங்காயமும் ஏறும் விதம் வேறு, துவரம்பருப்பு ஏறும் விதம் வேறு, எண்ணெய் ஏறும் விதம் வேறு; ஒவ்வொன்றையும் குடும்பம் எதிர்கொள்ள வேண்டிய முறையும் அதற்கேற்ப வேறுபடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனபோது, தமிழ்நாடு அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் அதனைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பருக்குள் விலை சரிந்து, விவசாயிக்குப் பறிகூலிகூடக் கட்டுப்படியாகாத நிலை வந்தது. தக்காளி இரண்டு மூன்று மாதங்களில் காய்ப்புக்கு வரும் பயிர், நெடுநாள் சேமித்து வைக்க இயலாதது. ஆகவே அதன் விலை வேகமாக ஏறி வேகமாக இறங்கும். இத்தகைய ஏற்றத்துக்கு மாற்று தேடிக்கொண்டு காத்திருப்பதே தக்க வழி. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அது வருவதற்கு நெடுங்காலம் முன்பே புளி, மாங்காய், எலுமிச்சை, மோர் ஆகியவற்றால் புளிப்பேற்றிய சமையல் இங்கே முழுமையாக இருந்தது. மோர்க்குழம்பும் புளிக்குழம்பும் மிளகு ரசமும் அறிந்த வீட்டில் தக்காளி விலைக்காக உணவின் சத்து குறைய வேண்டியதில்லை.

துவரம்பருப்பின் கதை அப்படியன்று. துவரை பெரும்பாலும் மானாவாரியாக, கர்நாடகத்தின் கலபுரகி வட்டாரத்திலும் மராட்டியத்திலும் மிகுதியாக விளைவது. ஜூன், ஜூலையில் விதைத்தால் அறுவடைக்கு டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். ஒரு பருவத்தில் மழை பொய்த்தால் அடுத்த தை மாதம் வரை விலை இறங்க வழியில்லை. உலகிலேயே பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிப்பதும் உண்பதும் இறக்குமதி செய்வதும் இந்தியாதான் என்பதால், மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வரும் சரக்கையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதும், 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாகப் பதிவான 2023 ஆகஸ்டைத் தொடர்ந்து 2024 முழுவதும் பருப்பு விலை உயரத்திலேயே நின்றதும் இந்த இயல்பினால் நேர்ந்தவை. ஓராண்டு நீடிக்கும் ஏற்றத்துக்குக் காத்திருப்பது விடையாகாது. வேறு பருப்புக்கு மாறுவதே விடை: பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை ஆகிய யாவற்றிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் வரை புரதம் உண்டு. சாம்பார் என்றால் துவரையேதான் என்ற பிடிவாதத்தை ஓராண்டுக்குத் தளர்த்தும் குடும்பம், பருப்பின் அளவைக் குறைக்காமல் செலவைக் குறைக்கிறது. கொள்ளு ரசமும் தட்டைப்பயற்றுக் குழம்பும் பாசிப்பருப்புக் கூட்டும் இங்கே புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. பருப்பு விலை ஏறும் காலத்தில் துவரையோடு கேசரிப் பருப்பைக் கலந்து விற்பது நடக்கும். அதனைத் தொடர்ந்து மிகுதியாக உண்பது கால்களை முடக்கும் லத்திரிசம் என்ற நோயை உண்டாக்கும் என்பதால், சந்தை விலைக்கு மிகவும் கீழே கிடைக்கும் உடைத்த பருப்பையும் பருப்பு மாவையும் நம்பி வாங்குவது ஆபத்து.

சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெயும், இந்தோனேசியா சில வாரங்கள் ஏற்றுமதியை நிறுத்தியதும் பாமாயிலும் தமிழ்நாட்டுத் தெருக்கடைகளில் ஏறின. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா எண்ணெய் வகைகளுக்கு இறக்குமதித் தீர்வையை உயர்த்தியபோது மறுபடி ஏறின. 2025 மே இறுதியில் அத்தீர்வை பாதியாகக் குறைக்கப்பட்டது. இந்த ஏற்றத்துக்கு மாற்றுப்பொருள் இல்லை. ஒன்றன் விலை ஏறினால் மற்றவையும் பின்தொடரும். ஆனால் குறைத்தாலும் இழப்பில்லாத பொருள் குடும்ப மளிகையில் உண்டென்றால் அது எண்ணெயும் சர்க்கரையும்தான். 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், 2000 கலோரி கொண்ட ஒரு நாள் உணவில் எண்ணெய், கொழுப்பு வகைகளின் அளவை 27 கிராம் என்று வைக்கின்றன. நால்வர் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும் என்று இதற்குப் பொருள். பொரித்தெடுப்பதைத் தாளிப்பாக மாற்றி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ ஒரு கிலோ பருப்பாக மாறக்கூடியது.

அதே வழிகாட்டுதல்கள், பருப்பும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த பிரிவுக்கு நாளொன்றுக்கு 85 கிராம் என்று அளவு குறிக்கின்றன. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நியாயவிலைக் கடையைப் பார்க்க வேண்டும். 2007இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தின் கீழ், அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. நால்வர் குடும்பத்தில் ஒரு கிலோ பருப்பை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராமுக்குச் சற்று மேல் வரும். தேவையின் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தைச் சந்தையில் வாங்க வேண்டும், சந்தையில் விலை ஏறியிருக்கிறது, ஆகவே மிச்சம் வாங்கப்படுவதில்லை. சாம்பார் நீர்ப்பதன் கணக்கு இதுதான்.

பருப்புக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்ற கேள்வி எழலாம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றில் சிலவற்றை உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது, உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் என்பது ஓரளவு போதுமானது. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சோறு என்று தமிழர் சமையலின் அடிப்படை இணைகள் யாவும் இந்த ஈட்டின்மேல் நிற்கின்றன. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றிருந்த மாவில் விலைக்கு அஞ்சி உளுந்தைக் குறைக்கும்போது, இட்லி கல்லாவதோடு அதன் சத்துச் சமநிலையும் கெடுகிறது.

எந்தப் பொருளை வாங்குவது என்று தீர்மானிக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்று பார்ப்பது. பருப்பு கிலோ 120 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் பத்து ரூபாய்க்குச் சுமார் 18 கிராம் புரதம் கிடைக்கும். கொள்ளு 80 ரூபாயானால் 27 கிராம். நிலக்கடலை 130 ரூபாயானால் 19 கிராம். முட்டை ஆறு ரூபாயானால் 10 கிராம், அதுவும் தரத்தில் மிக உயர்ந்த புரதம். பால் லிட்டர் 40 ரூபாயானால் 8 கிராம். பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் நான்கைந்து கிராமுக்கு மேல் இராது, அதோடு சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வரும். விலைகள் ஊருக்கு ஊர் மாறுவன; அன்றைய விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வரிசை பெரிதாக மாறுவதில்லை. 2023-24ஆம் ஆண்டின் ஆய்வில், பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குக் கிராமங்களில் மொத்தச் செலவின் 9.84 விழுக்காடும் நகரங்களில் 11.09 விழுக்காடும் போயிருக்கின்றன. இதில் வேலைக்குச் செல்வோர் வெளியே குடிக்கும் தேநீரும் உண்ணும் சாப்பாடும் அடங்கும் என்பதால் முழுவதையும் வீண் என்று தள்ளுவது அநீதி. ஆயினும் மாலையில் குழந்தைக்குத் தரும் பொட்டலத்துக்குப் பதிலாக வேகவைத்த கடலையோ சுண்டலோ தரும் இடம் அதனுள் நிச்சயம் உண்டு.

பிற சத்துக்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால் வாங்க இயலாத வீட்டில் கேழ்வரகுக் களியும் கூழும் அடையும் அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பும். முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலியும், மலிவான மத்தி மீனும், வஞ்சிரத்தைவிடப் பன்மடங்கு விலை குறைந்தவை என்பதோடு சத்தில் அதற்கு இளைத்தவையும் அல்ல. முருங்கைக் கீரை கிராமத்தில் பெரும்பாலும் விலையின்றியே கிடைக்கும். கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்க எலுமிச்சை, நெல்லி போன்றவற்றின் வைட்டமின் சி துணைசெய்யும். சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீர் அதனைத் தடுக்கும். தேநீரைச் சற்று நேரம் தள்ளிவைக்கும், பைசாச் செலவில்லாத இந்த ஒரு மாற்றமே பல வீடுகளில் நல்ல பயனைத் தரக்கூடும்.

வாங்கும் முறையிலும் ஏழைக் குடும்பம் கூடுதல் விலை தருகிறது என்பதைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவந்துள்ளனர். மாதச் சம்பளக்காரர் ஐந்து கிலோ பருப்பையும் ஐந்து லிட்டர் எண்ணெயையும் ஒருங்கே வாங்கிக் கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறைத்துக்கொள்கிறார். நாட்கூலி பெறுபவர் அன்றைய கூலியில் அன்றைக்கு வேண்டிய ஐம்பது கிராம் பொட்டலத்தை வாங்கி, அதே பருப்புக்கு மிகுதியாகக் கொடுக்கிறார். கையிருப்பு இல்லாமைக்கு விதிக்கப்படும் வரி என்றே இதனைக் கொள்ள வேண்டும். பொட்டலமிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், இன்ன பொருள் இன்ன எடையில்தான் பொட்டலமிடப்பட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்கு மாற்றாக கிராம், மில்லிலிட்டர் போன்ற ஓர் அலகுக்கு என்ன விலை என்பதைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்றது. அதன் விளைவாக ஒரு லிட்டர், அதாவது ஏறத்தாழ 910 கிராம், எண்ணெய்ப் பையின் அருகிலேயே அதே தோற்றத்தில் 850 கிராமோ அதற்கும் குறைவாகவோ கொண்ட பைகள் விற்கப்படுகின்றன. பெரிய எழுத்திலுள்ள விலையை விட்டுவிட்டுச் சிறிய எழுத்திலுள்ள அலகு விலையைப் படிப்பது, இன்றைய நிலையில் பேரம் பேசுவதைவிடப் பயன் தருவது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெண்கள் சேர்ந்து கட்டும் மளிகைச் சீட்டை, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாதந்தோறும் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடாக விரிக்கலாம். அந்தக் குழுக்களுக்குச் சேமிப்பும் கணக்கெழுதும் பழக்கமும் ஏற்கெனவே உண்டு.

இத்தனையும் சரியாகச் செய்த வீட்டிலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: குறைந்த உணவு யாருடைய தட்டில் குறைகிறது? கணவனுக்கும் குழந்தைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் பரிமாறிய பிறகு பாத்திரத்தின் அடியில் இருப்பதைச் சோற்றோடு பிசைந்து உண்பவள் அந்த வீட்டின் பெண். ஒரு குடும்பத்துக்குள் உணவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை வீட்டுச் செலவுக் கணக்கு எதுவும் காட்டுவதில்லை. இரத்தப் பரிசோதனைதான் காட்டுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இலவச அரிசியும் சத்துணவும் நெடுங்காலமாக நடக்கும் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் நிலை இது. சிக்கனம் என்று போற்றப்படுவதில் எவ்வளவு பங்கு அந்தப் பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை அளக்காமல், குடும்பப் பட்ஜெட்டைப் பற்றி யாரும் பெருமைப்பட இடமில்லை. முட்டை நான்கு வாங்கப்பட்டால் நான்காவது அவளுக்குரியது என்பது அந்த வீட்டில் பேசி முடிவு செய்யப்பட வேண்டிய ஒன்று. பேசாமல் விட்டால் அது அவளை வந்தடைவதில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரை அரசு வேறு வழியில் சென்று வெற்றி கண்டிருக்கிறது. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை தரப்படுகிறது. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் கிடைக்கிறது. அப்பள்ளிகளுக்குச் செல்லும் இரு குழந்தைகளை உடைய வீட்டுக்கு வாரம் பத்து முட்டையும் பத்துக் காலை உணவும் பத்து மதிய உணவும் இவ்வாறு வெளியிலிருந்து வருகின்றன. கோடை விடுமுறை தொடங்கியதும் அவை யாவும் ஒரே நாளில் நின்றுபோகின்றன; ஏழைக் குடும்பத்தின் மளிகைச் செலவு ஏப்ரல், மே மாதங்களில் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மாதங்களுக்கெனக் குடும்பம் முன்கூட்டியே பருப்பு சேர்த்து வைப்பதும், அரசு உலர்பொருள்களாக ஈடு வழங்குவதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. பணமாகத் தரப்படும் உதவி விலை ஏற ஏறக் கரையும். முட்டையாகவும் பருப்பாகவும் தரப்படும் உதவி விலை ஏறினாலும் அதே முட்டையாகவும் அதே பருப்பாகவும் வந்து சேரும். விலையேற்றக் காலத்தில் பொருளாகத் தருவதன் சிறப்பு இதில்தான் இருக்கிறது.

ஆகவே தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடை அரிசிக் கடையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 மே மாதம் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியதை மற்ற மாவட்டங்களுக்கும் விரிக்க வேண்டும். ஒரு காலத்தில் சிறப்புத் திட்டத்தில் இடம்பெற்றுப் பின்னர் நிறுத்தப்பட்ட உளுத்தம்பருப்பு திரும்ப வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் எண்ணிக்கை பாராமல் அட்டைக்கு ஒரு கிலோ என்றிருக்கும் துவரம்பருப்பு, நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள குடும்பங்களுக்கு மாதம் இரண்டு கிலோவாக உயர்த்தப்பட வேண்டும். இக்கோரிக்கையைக் கிராமசபைக் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்புமாறு, இங்கே கூடியிருக்கும் மகளிர் குழுக்களையும் நுகர்வோர் அமைப்புகளையும் இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.